அரண்மனைக் கோயிலின் சமாதானப் பலகை

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. தேஜோ ஆற்றங்கரை அரண்மனைக்கும் அதன் கிறிஸ்தவக் கோயிலுக்கும் வரலாறு எழுதும் வேலைக்கு நானும் விண்ணப்பித்தேன். மஃபால்டாவுக்குக் கிடைத்தது. அவள் குடும்பப் பெயர் கோயில் சுவரில் செதுக்கியிருக்கிறது. அந்தச் சுவரைத் துடைத்தது என் அம்மா.

2

'அந்தி வெயிலில் பளிங்குத் தூண்கள் பொன்னாய்—'

வேண்டாம். தூணை மஃபால்டா எழுதட்டும்.

'மனைவியை இழந்த அரசருக்கு அடுத்தபடியாக, அவர் தங்கை யூஃப்ராசியாதான் பதினோரு ஆண்டுகள் சமாதானப் பலகையை முத்தமிட்டாள்.' [பெயர் நான் வைத்தது. பலகை வெள்ளி. பூசை நடுவே அரச குடும்பம் அமரும் மாடத்துக்கு வரும். அந்தஸ்து வரிசையில் முத்தமிட்டுச் சமாதானம் பெறுவார்கள். அந்த வரிசைக்காக அடித்துக்கொள்ளவும் செய்வார்கள்.]

அரசர் மறுமணம் செய்துகொண்டார். முதல் ஞாயிறு. அரசர் முத்தமிட்டதும், பலகையை ஏந்தி வந்த பாதிரியார் இனாசியோ சாமி பழக்க தோஷத்தில் புது அரசியைத் தாண்டிப் போய் யூஃப்ராசியா முன் பலகையை நீட்டிவிட்டார்.

"சாமி, நான் இங்க இருக்கேன்," என்றாள் அரசி.

"பத்தொன்பது வயசு அண்ணிக்கு அதுக்குள்ள அவசரமா?" என்றாள் யூஃப்ராசியா.

"என் பக்கம் தள்ளி விடுங்க நாத்தனாரே. நீங்க முத்தமிட்டா நாளைக்கு இந்தச் சாமி இங்க இருக்க மாட்டார்."

தள்ளிவிட்டால் யூஃப்ராசியாவின் பதினோரு வருஷம் ஊரறிய முடிந்துபோகும். முத்தமிட்டால் சாமியின் பிழைப்பு போகும்.

3

யூஃப்ராசியாவை நல்லவளாக்கிப் பார்த்தேன். "அண்ணிக்குக் கொடுங்க சாமி" என்று அவள் சிரித்தபடி—

எனக்கே நம்பிக்கை வரவில்லை. நானாயிருந்தால் சிரித்திருக்க மாட்டேன்.

4

உண்மையில் நான் யோசித்துக் கண்டுபிடிக்கவே வேண்டியதில்லை. பூசைக்கு வேண்டியதை எடுத்துவைக்கும் அந்தக் காலக் கோயில்பிள்ளையின் குறிப்பேட்டில், இந்தத் தகராறுக்கு அடுத்த பக்கம் எல்லாவற்றையும் சொல்கிறது. அந்தக் குறிப்பேட்டை ஆவணக் காப்பகத்தில் என் பெயரில் பதிந்து எடுத்துவந்து என் மேசையில் வைத்திருக்கிறேன். நேற்று மஃபால்டா போன் செய்தாள்.

"ஏய், பலகைத் தகராறு பக்கத்துக்கு அடுத்தது உன்கிட்டதானே இருக்கு? என்ன ஆச்சாம்?"

"பூச்சி அரிச்சிருக்கு. ஒரு எழுத்துகூடத் தெரியல."

"அடடா. திங்கக்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகுது."

"பாவம்தான்."

பக்கம் முத்து முத்தாய்த் தெளிவாக இருக்கிறது.

5

முடிவை இங்கே எழுதியிருப்பேன். ஆனால் மஃபால்டாவும் இதைப் படிப்பாள். படித்துவிட்டுத் தன் புத்தகத்தில் சேர்த்துக்கொள்வாள். ஆகவே முத்தமா, தள்ளலா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். சாமிமேல் இரக்கம் வந்தால் தள்ளிவிடச் சொல்லுங்கள். நான் வாயைத் திறக்கப்போவதில்லை. யூஃப்ராசியா செய்தது எனக்கு மட்டும் தெரியும். மஃபால்டாவிடம் இல்லாத ஒன்று எனக்கென்று இருப்பது இது ஒன்றுதான்.