மூன்றாம் ஊஞ்சல்

திண்டிவனத்தின் தென்புறத்துச் சிறுவர் பூங்காவில் உள்ள மூன்றாம் ஊஞ்சல், திறப்பு விழா நாள் முதல், மாலை நான்கு மணி தொடங்கி ஏழு மணி வரை ஆளின்றி ஆடி வருகிறது. இப்பூங்காவின் ஏனைய சிறப்புகளாவன: செயற்கை நீரூற்று, சிறு இரயில், விழுப்புரத்துக் குடும்பங்களும் ஞாயிறுதோறும் வந்து படமெடுத்துக்கொள்ளும் சிமெண்டு ஒட்டகச்சிவிங்கி. ஊஞ்சல் ஆடுவதற்குக் காற்றே காரணம் என முதலில் கருதப்பட்டது. சங்கிலிக்கு எண்ணெய் இட வந்த பணியாளர் பலகையைத் தூக்கிப் பார்த்து, பதினெட்டுக் கிலோ இருக்கும் என்று கூறிவிட்டு, எண்ணெய் இட்டுச் சென்றார். அதன்பின் பெற்றோர், அது ஆள் உள்ள ஊஞ்சல் என்று சொல்லித் தம் பிள்ளைகளை அடுத்ததில் ஏற்றினர்.

பூங்கா வருவதற்கு முன் அவ்விடம் காலனிக் கிறித்தவர்களின் கல்லறைத் தோட்டமாக இருந்தது. கல்லறைகளைப் புறவழிச்சாலைக்கு அப்பால் மாற்றித் தருவதாக ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்தார். அவருடைய ஆட்கள் பெயர் எழுதிய சிலுவைகளைப் பிடுங்கி, டிராக்டரில் ஏற்றி, புதிய இடத்தில் அதே வரிசையில் ஊன்றினர். சிலுவைகளுக்குக் கீழே இருந்தவர்களை எவரும் எடுக்கவில்லை. சிலுவை நிற்கும் இடமே கல்லறை எனக் காலனியார் நம்பினர். கூலி வேலை செய்யும் இருதயமேரியும் நம்பினாள். ஏழு வயதில் காய்ச்சலில் இறந்த அவளுடைய ஒரே மகன் அலெக்ஸின் இடம் மாறிய சிலுவைமுன், மூன்று கல்லறைத் திருநாள்களில் அவள் மெழுகுவத்தி ஏற்ற முயன்றாள். மூன்று முறையும் திரி பற்றவில்லை. அவள் தீப்பெட்டியை நொந்துகொண்டாள்.

பூங்கா வாயிலில் மல்லாட்டை எனும் வேர்க்கடலையை அவித்து விற்கும் ரோஜா அதே காலனியைச் சேர்ந்தவள். மூன்றாம் ஊஞ்சலின் கீழ் மண், வலக்குதிகாலால் மட்டும் தேய்ந்திருப்பதை அவள் ஒருநாள் கண்டாள். அலெக்ஸின் இடக்கால் பிறவியிலேயே சூம்பியது. நான்காம் கல்லறைத் திருநாளன்று, ரோஜா சொல்லக் கேட்டு, இருதயமேரி மெழுகுவத்தியுடன் பூங்காவிற்கு வந்தாள். காவலாளி சீனுவாசன் தடுத்தார்.

“கொழந்த இல்லாம பெரியவங்கள வுட மாட்டோம்மா. போர்டு போட்டுக்கீது பாரு.”

“எம் புள்ள உள்ளதாங்க ஆடிக்கினு இருக்கான்.”

“பின்ன காத்துக்கா மூணு வருசமா எண்ண போட்டுக்கினு கீறீங்க? வுடுய்யா,” என்றாள் ரோஜா, பொட்டலம் மடித்தபடியே.

சீனுவாசன் திரும்பி ஊஞ்சலைப் பார்த்தார். “எத்தினி வயசு?”

“ஏழுங்க. அதோட நின்னுபோச்சு.”

“பத்துக்குள்ளன்னா சரி. ஆனா நெருப்பு உள்ள ஆவாது. மெழுகுவத்திய குடுத்துட்டுப் போ.”

அவள் வெறுங்கையுடன் ஊஞ்சலின் பின்னே சென்று நின்றாள். பின்னோக்கி வந்த ஊஞ்சலில் அவளுடைய உள்ளங்கைகளுக்குச் சிறு முதுகொன்று தட்டுப்பட்டது. அது குளிர்ந்திருந்தது, கையில் ஈரமண் ஒட்டியது. “எறங்குடா, வூட்டுக்குப் போலாம்,” என்றாள். ஊஞ்சல் நிற்கவில்லை. மறுமுறையும் சொன்னாள். மூன்றாம் முறை சொல்லாமல், அது போக விரும்பிய உயரத்திற்குத் தள்ளிவிட்டாள்.

ஏழு மணிக்குச் சீனுவாசன் விசில் ஊதினார். மற்றப் பிள்ளைகள் வீட்டிற்குப் புறப்பட்டனர்.