தூங்கியாச்சுங்களா

காலை ஆறு ஐம்பது. மும்பையிலிருந்து வந்த விமானம் கோயம்புத்தூரில் இறங்கத் தாழ்ந்துகொண்டிருந்தது. துணை விமானி லோகப்பிரியா எரியும் கண்களைச் சிமிட்டிவிட்டு மறுபடி வேகத்தைப் பார்த்தாள். இருக்க வேண்டியதைவிடக் குறைந்துகொண்டே வந்தது.

விமானம் கேப்டன் கோவிந்தராஜுலுவின் கையில் இருந்தது. அவர் பீளமேடு, இவள் கருமத்தம்பட்டி. ஊர்ப்பக்கத்துப் பெண் என்று அம்மணி போட்டுத்தான் பேசுவார்.

"ஸ்பீடு கொஞ்சம் கம்மியாட்டத் தெரியுதுங்க சார்" என்றாள்.

"ம்" என்றார். கை அசையவில்லை.

கீழே தறிக்கூடங்களின் கூரைகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. அவள் வீடும் அங்கேதான் எங்கோ இருந்தது. பெரியவர்களை எதிர்த்துப் பேசாமல் வளர்ந்தவள். இன்னொரு முறையும் தணிந்த குரலில்தான் சொன்னாள். வேகம் இன்னும் குறைந்தது. திரும்பிப் பார்த்தாள். அவர் கண் திறந்திருந்தது. பார்வை எதன்மேலும் இல்லை.

பின்னால் அத்தனை பேர். இறங்காமல் மேலே ஏறச் சொல்ல ஒரே ஒரு சொல் உண்டு. அதில் 'ங்க' சேர்க்க இடமில்லை.

"கோ அரவுண்ட். கண்ட்ரோல் எங்கிட்ட."

தன் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. எஞ்சின் விசையை முன்னால் தள்ளினாள். ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை. கூரைகள் வந்துகொண்டே இருந்தன. பிறகு இரைச்சல் எழுந்தது, மூக்கு நிமிர்ந்தது.

இரண்டாம் முறை அவளே இறக்கினாள்.

தாமதத்தைச் சொல்லி முணுமுணுத்தபடி பயணிகள் இறங்கிப் போனார்கள். எஞ்சின் இரைச்சலில் விழித்துக்கொண்ட கேப்டன் இப்போதுதான் பேசினார். மனைவி பத்மாவதி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இரண்டு இரவாக மும்பை ஓட்டல் அறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம்.

உடம்பு, மருந்து, தூக்கம், கவலை. புறப்படுமுன் விமானிகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் கம்பெனியின் விதி. இருவரும் கேட்டிருந்தார்கள்.

"தூங்கியாச்சுங்களான்னு கேட்ட. ஆச்சு அம்மணின்னு சொல்லிப்போட்டேன். நான் கேட்டதுக்கு நீயும் ஆச்சுங்கன்னுட்ட. ஊட்டுக்கு வந்தவங்களச் சாப்டாச்சுங்களான்னு கேக்கறாப்பலதான் கேட்டிருக்கறோம். பட்டினியாக் கெடந்தாலும் அதுக்கு ஆச்சுன்னுதான சொல்லுவோம்?"

அவர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். தான் விமானம் ஓட்டும் நிலையில் இல்லை என்றார். மும்பைக்குத் திரும்பிப் போக வேறு கேப்டனை அனுப்புவதாகச் சொன்னார்கள். அதற்கும் துணை விமானி அவளேதான்.

பையை எடுத்துக்கொண்டு கதவருகே நின்றார்.

"முடியலீங்கன்னு சொன்னா மரியாதை ஒண்ணும் கொறஞ்சு போகாது அம்மணி. மரியாதைக்கு முடியும்னு சொன்னாத்தான் உசுரு போகும்."

அவள் தலையாட்டினாள். அவர் போகவில்லை.

"இப்ப மெய்யாலுமே கேக்கறேன். ராத்திரி நீ தூங்குனியா?"