மேல்தட்டுக் கசெற்றுகள்

"எல்லாத்தையும் இறக்கு. ஒண்டும் விடாத," என்று மகளிடம் சொன்னாள் அக்னெஸ்.

கத்தரின் ஏற்கெனவே இரண்டு தட்டு இறக்கிவிட்டாள். கம்பளம் முழுக்கப் பாட்டுக் கசெற். முன்னூற்றுப் பதினெட்டு. எண்ணிக்கை அவளுக்கு அத்துப்படி. பத்து நாளைக்கு முன் அத்தனையையும் துடைத்து, இலக்கம் ஒட்டி, இசையமைப்பாளர் வாரியாகவும் ஆண்டு வாரியாகவும் அடுக்கியவளே அவள்தான். கல்லூரி நூலகத்தில் புத்தகம் அடுக்கும் வேலை, கை சும்மா இராது. அப்பா நெஞ்சுநோவென்று ஆஸ்பத்திரிக்குப் போனதும், திரும்பி வந்து பார்த்து மனுசன் அசந்து போகட்டும் என்று செய்தாள். நீக்கிலாப்பிள்ளை திரும்பி வரவில்லை. செவ்வாய்க்கிழமை விடியப் போய்விட்டார். இன்று வெள்ளி. மாலை ஆறு மணிக்கு உடலைப் பார்வைக்கு வைக்கிறார்கள், நாளை பூசையும் அடக்கமும்.

இப்போது மணி இரண்டு. நாலு மணிக்குப் பத்திநாதர் வருவார். மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரே தொழிற்சாலையில் அப்பாவோடு பத்து வருடம் பெட்டி ஒட்டியவர். அடக்கம் முடிந்து மண்டபத்தில் சாப்பாடு நடக்கும்போது நீக்கிலாப்பிள்ளை ஆசைப்பட்டுச் சேர்த்த பாட்டுகளைப் போடுவோம், பேந்து எல்லாம் தமிழ்ச் சங்கத்திலேயே இருக்கட்டும் என்று கேட்டிருந்தார். செத்தவீட்டு அமளியில் அக்னெஸும் ஓமென்று தலையாட்டிவிட்டாள். இன்றைக்கு மத்தியானம் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றவள், குழாயைப் பூட்டாமலே திரும்பிச் சொன்னாள்.

"கத்தரின், அந்தக் கசெற்றும் அதுக்குள்ள கிடக்குது."

எந்தக் கசெற் என்று கத்தரின் கேட்கத் தேவையில்லை.

தொண்ணூற்றோராம் ஆண்டு மாசி மாதம். சண்டை தொடங்கிப் பாதை பூட்டி எட்டு மாதமாக மொன்றியலிலிருந்த அப்பாவிடமிருந்து ஒரு கடிதம் இல்லை. தபால் ஓடவில்லை என்பது யாழ்ப்பாணத்தில் நாய் பூனைக்கும் தெரியும். அக்னெஸுக்கும் தெரியும். ஆனால் பக்கத்து வீட்டுக்காரிக்கு யாரோ ஆள்மூலம் ஒரு கடிதம் வந்துவிட்டது. அதற்குமேல் நியாயம் எதற்கு? கொழும்புக்குப் போக இருந்த ஒருவரிடம், முன்பும் நாலு தடவை செய்ததுபோல, குரலைப் பதிந்து கொடுத்துவிடுவது என்று முடிவெடுத்தாள். வெற்றுக் கசெற் எந்தக் கடையிலும் இல்லை, பாட்டுக் கசெற்றின் மேல்தான் பதிய வேண்டும். கடையில் வாங்கும் பாட்டுக் கசெற்றின் விளிம்பில், தவறிப்போய் யாரும் மேலே பதிந்துவிடாமல் இருக்க ஒரு சின்னக் குழி இருக்கும். அதை மூடினால் பதியலாம். புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்டரை வெட்டிக் குழியை மூடியவள் கத்தரின். பற்றரியும் இல்லாத காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, பெடலைக் கையால் சுற்றியவளும் கத்தரின். அப்போது அவளுக்குப் பதினேழு வயது. ஆகவே அம்மா சொன்னது ஒரு சொல் விடாமல் அவள் காதிலும் விழுந்தது.

"நீங்கள் எனக்குச் செத்தமாதிரித்தான். இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் இல்லையெண்டு சொல்லி வளக்கிறன். உங்கட பிரேதத்தைக்கூட நான் வந்து பாக்கமாட்டன்."

ஒரு மாதம் கழித்து நாலு கடிதம் ஒன்றாக வந்தன. கசெற் அதற்கு முன்பே கொழும்பு தாண்டிப் போயே போய்விட்டது.

இரண்டு வருடம் கழித்துத் தாயும் மகளும் மொன்றியலில் வந்து இறங்கியபோது மிராபெல் விமான நிலையத்தில் நீக்கிலாப்பிள்ளை இரண்டு குளிர்ச்சட்டையோடு நின்றார். கசெற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அக்னெஸும் கேட்கவில்லை. அதன்பிறகு ஐந்து வருடம் ஒரே வீட்டில் இருந்தும் கேட்கவில்லை.

"அவர் அதைக் கேட்டாரோ இல்லையோ எனக்குத் தெரியாது," என்றாள் அக்னெஸ், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கம்பளத்தில் இருந்தபடி. "அந்த வார்த்தை மேல கிடக்க அவரை மண்ணுக்குள்ள விடமாட்டன். உடைச்சுக் குப்பையில போட்டிட்டுத்தான் அவற்ற முகத்தைப் பாப்பன்."

"எந்தப் பாட்டுக்கு மேல பதிஞ்சது, நினைவிருக்கே?"

"கோவத்தில கையில அம்பிட்டதை எடுத்தன். பேர் வாசிச்சே எடுத்தனான்?" பிறகு தட்டைப் பார்த்தாள். "மனுசன் வைச்ச இடத்தில விட்டிருந்தா இப்ப கையை நீட்டி எடுத்திருக்கலாம். உன்ர லைப்ரரிப் புத்தி."

கத்தரினுக்கு அது சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அது உண்மை. மேல்தட்டின் இடப்பக்கத்தில் ஒன்றோடொன்று சேராத சில கசெற்றுகள் இருந்தன. நத்தார்ப் பாட்டு, நகைச்சுவை நாடகம், நாதஸ்வரம், நடுவில் ஒரு பழைய படப்பாட்டு. இதென்ன குப்பை என்று, தலைப்பைக்கூட நினைவில் வைக்காமல் அவற்றை உரிய உரிய இடத்துக்கு அனுப்பிவைத்தாள். அதை ஆஸ்பத்திரியில் பெருமையாக வேறு சொன்னாள்.

"மேல்தட்டையுமோ?" என்று அப்பா கேட்டார்.

"அதுதானப்பா ஆகக் குழப்பம்."

அவர் கொஞ்சநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "சரி பிள்ளை. வந்து பாப்பம்," என்றார். அந்தக் கொஞ்சநேரத்தை நினைத்து நினைத்துத்தான் மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை, அம்மாவின் குரல்களை அவர் ஒதுக்கி வைத்த தட்டு அதென்று இப்போதுதான் விளங்குகிறது.

முன்னூற்றுப் பதினெட்டையும் போட்டுக் கேட்க ஒரு மாதம் வேண்டும். கத்தரின் ஒரு கசெற்றை எடுத்து விளிம்பில் பெருவிரலை ஓட்டினாள். குழி. அடுத்தது. குழி.

"அம்மா, கேக்கத் தேவையில்லை. பிளாஸ்டர் ஒட்டினதை மட்டும் தேடுவம். நான் ஒட்டினதுதானே."

இரண்டு பேரும் விரலால் தடவத் தொடங்கினார்கள். முதல் பிளாஸ்டர் நாற்பதாவதில் வந்தது, நத்தார்ப் பாட்டு. கசெற் ரேடியோவில் போட்டார்கள். கோழி கொக்கரித்தது, பிறகு அக்னெஸின் குரல் முருங்கைக்காய் விலை சொன்னது. சைக்கிள் சுற்றிய கை களைத்த இடங்களில் அந்தக் குரல் சின்னப்பிள்ளைக் குரல்போலக் கீச்சென்று ஓடியது.

"இது இல்லை. நிப்பாட்டு."

இரண்டாவதில் கத்தரின் இங்கிலிஷ் பாடம் ஒப்பித்தாள். மூன்றாவதில் அக்னெஸ் பக்கத்து வீட்டு வேலிக்கதை கதைத்தாள். நிப்பாட்டு, நிப்பாட்டு. மூன்றரை மணிக்குள் ஆறு கிடைத்தன, ஒன்றிலும் அது இல்லை. அக்னெஸின் வாய் மட்டும் செபம் முணுமுணுத்தது, கை நிற்கவில்லை.

ஏழாவது, நகைச்சுவை நாடகம். பிளாஸ்டர் பழுத்துப்போயிருந்தது. ஐந்து திருகாணிகளின் தலைகளும் கீறுப்பட்டிருந்தன.

"ஆரோ இதைக் கழட்டியிருக்கினம்," என்றாள் கத்தரின்.

"போடு."

இரைச்சல். சைக்கிள் சக்கரத்தின் சத்தம். பிறகு ஏழு வருடத்துக்கு முந்தைய அக்னெஸ், மூச்சு வாங்க:

"எட்டு மாசம். ஒரு துண்டுக் கடிதம் இல்லை. ஊரெல்லாம் கடிதம் வருது, உங்களுக்கு மட்டும் கை இல்லையோ? நல்லாக் கேட்டுக்கொள்ளுங்கோ. நீங்கள் எனக்கு—"

அக்னெஸ் இரண்டு கையாலும் கம்பளத்தைப் பிடித்துக்கொண்டாள்.

டக் என்று ஒரு சத்தம்.

"—அங்க இப்ப சரியான குளிராம். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கோ. உங்களுக்குக் காதுக்குத்து வந்தா லேசில விடாது."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாடகத்தில் யாரோ பாதி வசனத்திலிருந்து பேசிக்கொண்டு போனார்கள்.

கத்தரின் கசெற்றை வெளியே எடுத்து, நாடாவைப் பென்சிலால் மெதுவாகப் பின்னுக்குச் சுற்றிப் பார்த்தாள். ஓரிடத்தில் நாடாவை வெட்டி, ஒரு நகமளவு செலோரேப்பால் ஒட்டியிருந்தது. பெட்டி ஒட்டிப் பழகிய கை, ஒட்டு கொஞ்சமும் கோணவில்லை.

"காதைப் பற்றி நான் சொன்னனானே?" என்றாள் அக்னெஸ்.

"சொன்னனீங்கள். முடிஞ்சுதெண்டு நான் சுத்திறதை விட்டிட்டன். இன்னும் கொஞ்சம் சுத்தடி எண்டு சொல்லிப்போட்டுச் சொன்னனீங்கள்."

அக்னெஸுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. எது முதல் வந்ததென்று சொல்ல முடியாது. "எல்லாத்தையும் கேட்டிருக்கிறார். கேட்டுப்போட்டு அஞ்சு வருசம் ஒண்டுமே தெரியாதமாதிரி எனக்கு முன்னால இருந்து சாப்பிட்டவர். ஏனடி இப்பிடிச் சொன்னனி எண்டு ஒருக்கா ஏசியிருக்கலாம் தானே. நானும் மன்னிப்புக் கேட்டிருப்பன்."

கத்தரின் அவள் முதுகைத் தடவினாள். மணி நாலுக்குப் பத்து நிமிடம்.

"அம்மா, இதை உடைக்கிறதோ?"

அக்னெஸ் சேலைத்தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கையை நீட்டிக் கசெற்றை வாங்கினாள். "நத்தார்ப் பாட்டைத் தா. அதுதான் நான் முதல் அனுப்பினது. பேந்து நாதஸ்வரம். மூண்டாவது அந்தப் படப்பாட்டு." ஒவ்வொன்றாக வாங்கி மேல்தட்டின் இடப்பக்கத்தில் நிறுத்தினாள். நாடகம் ஐந்தாவதாக நின்றது. கத்தரின் தன்னுடைய இலக்கத் துண்டுகளை நகத்தால் கிழித்தெடுத்தாள்.

பத்திநாதர் சப்பாத்துப் பனியைக் கதவடியில் உதறிவிட்டு இரண்டு மட்டைப்பெட்டியோடு உள்ளே வந்தார். தரையைப் பார்த்தார்.

"இதென்ன பிள்ளை, பூகம்பமோ? எதை எடுக்க?"

"கீழ கிடக்கிறதெல்லாம் கொண்டுபோங்கோ அண்ணை," என்றாள் அக்னெஸ். "மேல்தட்டில மட்டும் கைவைக்காதேங்கோ."

பத்திநாதர் கண்ணாடியை உயர்த்தி மேல்தட்டை வாசித்தார். "நத்தார்ப் பாட்டு, நாதஸ்வரம், நாடகம். இதுகள் ஒண்டுக்கொண்டு சேராதே?"

"சேரும் மாமா," என்றாள் கத்தரின்.

ஐந்தரைக்குப் புறப்பட்டார்கள். வெளியே காற்று விசுக்கிக்கொண்டிருந்தது. பத்திநாதர் காரைச் சூடாக்கக் கீழே போய்விட்டார். கதவுக்குப் பின்னால் நீக்கிலாப்பிள்ளையின் கம்பளித் தொப்பி தொங்கியது. ஆம்புலன்ஸில் ஏற்றிய அன்று அவசரத்தில் போடாமல் விட்டது. அக்னெஸ் அதைக் கழற்றி, காது மூடும் இரண்டு மடிப்பையும் கீழே இழுத்துவிட்டு, கைப்பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்துப் பூட்டினாள்.