ஈயக்குழிக் கிணற்றின் முதல் வாளி

பங்குனி உத்திரத்தன்று காலை கிணற்றடியில் இருந்தவர்கள் இவர்கள்தாம்: பெரியவர் நாறும்பூநாதன் பிள்ளை, அவர் மனைவி பிரம்மநாயகி, மகன் குமரகுருபரன், ஐந்து மாதக் கர்ப்பிணியான மருமகள் சுகிர்தா, ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்திருந்த தங்கை மகன் கணேஷ்ராம், பின்னால் குடமும் பானையுமாகப் பங்காளி வீட்டார். வேலிக்கு அந்தப் பக்கம், யாரும் அழைக்காமல் வந்து நின்ற பக்கத்து வீட்டு நூர்முகம்மது.

களக்காட்டுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் அவர்களுடைய சாஸ்தா கோயில். அதற்கு மேலே, சரிவில், நாறும்பூநாதனின் தாத்தா ஈயம் தோண்டிய குழி. லாபம் நின்றதும் அப்படியே விட்டுவிட்டார்கள். அள்ளிக் கொட்டிய சாம்பல் நிறக் கழிவு இன்னும் மேடாகக் கிடக்கிறது. மழை பெய்தால் கரைந்து கீழே இறங்கும். கீழேதான் கிணறு. அதையும் தாத்தாதான் வெட்டினார். பக்கத்து வீடுகளுக்கும் குடிதண்ணீர் அதுதான். உத்திரத்தன்று அந்தக் குடும்பத்து மருமகள் முதல் வாளியை இறைத்து, சாஸ்தாவைக் கும்பிட்டு, ஒரு கை அள்ளிக் குடிக்க வேண்டும். அதன் பிறகுதான் மற்றவர்கள் கயிற்றைத் தொடுவார்கள், பொங்கலுக்கு உலை வைப்பார்கள். அந்த மரியாதை இதுவரை வேறு வீட்டுக்குப் போனதில்லை.

சுகிர்தா கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள். போன வாரம் இந்தத் தண்ணீரைச் சோதித்துவிட்டு மாமனாரிடம் வந்து சொன்னாள்: காரீயம் இருக்கிறது, பொறுக்கக்கூடிய அளவைவிடப் பல மடங்கு. அன்றிலிருந்து அவள் கேன் தண்ணீர்தான் குடிக்கிறாள். நாறும்பூநாதன் அவளை நம்பாமல் இல்லை. அவள் வேலையில் பிசகுகிறவள் அல்ல என்பது அவருக்குத் தெரியும். ஆனால் இரண்டு முறை அவளுக்குக் கரு கலைந்தபோதும், "அவ அம்மை வழி ரத்தம் அப்படி" என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொன்னவர் அவர். கிணறு கெட்டது என்றால் அவர் சொல்லும் கெட்டது, தாத்தா பெயரும் கெட்டது.

வாளி மேலே வந்தது. சுகிர்தா அதைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"குடி," என்றார் நாறும்பூநாதன்.

"வேண்டாம் மாமா. இந்தப் பிள்ளையாவது தங்கட்டும்."

கணேஷ்ராம் சிரித்தான். "என்ன மைனி, சாஸ்தாவுக்கும் ஒரு கேன் போடச் சொல்லிருவோமா?"

"ஈயச் சொம்புல ரசம் வச்சுக் குடிச்ச குடும்பம் இது," என்றாள் பிரம்மநாயகி. "ஈயத்தைக் கண்டா பயப்படுதா?"

"அது வெள்ளீயம், அத்தை. இது வேற."

வேலிப் பக்கமிருந்து நூர்முகம்மது பேசினார். "அண்ணாச்சி, உங்க மருமவ சொல்லுதது நெசம். எம் மவ தஸ்மியாவுக்கு ஏழு வயசு. இன்னும் வாப்பான்னு கூப்பிடத் தெரியலை. ரத்தத்துல ஈயம் இருக்குன்னு டாக்டர் சொல்லுதாரு. அந்தக் கழிவு மேட்டை சர்க்காருல வந்து அள்ளிட்டுப் போகட்டும்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

தனியாக வந்து கேட்டிருந்தால் யோசித்திருக்கலாம் என்று நாறும்பூநாதனுக்குத் தோன்றியது. பங்காளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒம்ம பொஞ்சாதி ஒமக்கு மாமா மகதானவே? சொந்தத்துலயே கட்டினா அப்படித்தான் பொறக்கும். எங்க கிணத்தை ஏன் இழுக்கீரு?"

பிரம்மநாயகி அவருக்குச் சொந்த அத்தை மகள். அங்கே இருந்த எல்லோருக்கும் அது தெரியும். நூர்முகம்மது தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏலே குமரா, ஒம் பொண்டாட்டியக் குடிக்கச் சொல்லு."

குமரகுருபரன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "ஒரு வாய்தான, சுகி," என்றான்.

சுகிர்தா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வாளியை மாமனார் பக்கம் நகர்த்தினாள். "நீங்க குடிங்க மாமா. குடிச்சிட்டு, போன ரெண்டும் எங்க அம்மை ரத்தத்தாலதான் போச்சுன்னு சாஸ்தாவப் பாத்துச் சொல்லுங்க."

அவர் ஒரு கை அள்ளவில்லை. வாளியைத் தூக்கி, நெஞ்சு நனைய, மூச்சு முட்டும் மட்டும் குடித்தார். துண்டால் வாயைத் துடைத்தார். கோயிலைப் பார்த்து நின்று, "இவ அம்மை ரத்தந்தான்," என்றார். குரல் பிசகவில்லை.

அதோடு தீர்ந்தது. பெரியவர் குடித்த தண்ணீர் என்று கணேஷ்ராம் கயிற்றைப் பிடித்தான். குடங்கள் நிறைந்தன. பத்துப் பதினைந்து அடுப்புகளில் பால் பொங்கியது. பிள்ளைகள் இலையை வழித்து, மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். பிரம்மநாயகி ஓடி ஓடிப் பரிமாறினாள். நாறும்பூநாதன் நிமிர்ந்து உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சோற்றில் என்ன இருக்கிறது என்று அந்தக் குடும்பத்தில் நிச்சயமாகத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி சொல்லிப் பார்த்துவிட்டாள்.

சாயங்காலம் சுகிர்தாவின் பெட்டியை மகனைக் கொண்டே வாசலில் எடுத்து வைக்கச் செய்தார்.

"வளைகாப்பு?" என்று இழுத்தாள் பிரம்மநாயகி.

"அவ அம்மை ஏரல்லதான இருக்கா. அங்கனயே போட்டுக்கிடட்டும். பிள்ளைக்கு எங்க தாத்தா பேரை வைக்கக் கூடாது."

பிள்ளையாவது பிழைக்கட்டும் என்று உள்ளுக்குள் இரங்கித்தான் பெரியவர் அவளை அந்தத் தண்ணீரிலிருந்து அப்புறப்படுத்தினார் என்று களக்காட்டில் பேசிக்கொள்கிறார்கள். அது சரியல்ல. அவள் குடிக்கவில்லை, அதனால் அனுப்பினார்.