காசு கொடுத்து வாங்கிய சுவரொட்டி

கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஆள் கடைக்குள் நுழைந்ததும் ஒத்திலியா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். டெக்சாஸில் சோள ரொட்டிக் கடை வைத்துப் பல வருடமாகியும் அந்தப் பயம் போகவில்லை. மெக்சிகோவில் அவள் ஊரில் அதிகாரி வாசலுக்கே வந்துவிட்டால் கேள்வி கேட்கக் கூடாது; கையில் எதையாவது வைத்து அனுப்பிவிட வேண்டும்.

"தொழிலாளர் பாதுகாப்புச் சுவரொட்டி எங்கம்மா? சுவத்துல காணோமே. அபராதம் போட்டா கடை தாங்காது." பிளாஸ்டிக் உறை போட்ட தாள் ஒன்றை நீட்டினான். "முந்நூறு டாலர். இப்பவே குடுத்தா இதோட போச்சு."

கல்லாவில் இருந்தது மெக்கானிக்குக்காக எடுத்து வைத்த பணம். மாவு பிசையும் எந்திரத்துக்குள் கை போகாமல் தடுக்கும் கம்பி மூடி உடைந்து மூலையில் கிடந்தது. ஒத்திலியா பணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

"அப்ப மூடி?" என்றாள் கடையில் வேலை பார்க்கும் நியேவெஸ். "தினமும் சொல்லிட்டிருக்கேன்க்கா."

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்டி."

"அந்தத் தாளையே எந்திரத்து மேல கவுத்து வைங்க. காசுக்கு அதாச்சும் வேலை செய்யட்டும்."

இருவரும் சிரித்தார்கள். சுவரில் ஒட்டிய தாள் ஆங்கிலத்தில் இருந்தது. யாரும் படிக்கவில்லை.

வியாழக்கிழமை நியேவெஸின் கையுறை எந்திரத்தில் சிக்கியது. ஒத்திலியா ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்துவதற்குள் மூன்று விரல்கள் போய்விட்டன.

மறுநாள் அரசின் தொழிலாளர் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து விபத்தை விசாரிக்க ஒரு பெண் வந்தாள். எந்திரத்தைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்தாள்.

"இது யார் குடுத்தது?"

"உங்க ஆளுதான். முந்நூறு டாலர் வாங்கிட்டுப் போனாரு."

"இதுக்கு நாங்க காசே வாங்கறதில்லைம்மா. கேட்டிருந்தா ஸ்பானிஷ்லயே சும்மா குடுத்திருப்போம். காசு கேட்டு வந்தவன் எங்க ஆளே இல்ல." அவள் குரல் தாழ்ந்தது. "மூடி உடைஞ்சது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

ஒத்திலியா துடைத்த மேடையையே மறுபடி துடைத்தாள். பதில் கேட்கத் திங்கட்கிழமை வருவதாக அந்தப் பெண் சொல்லி, ஸ்பானிஷ் தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரியில் நியேவெஸ் அதைப் படிக்கச் சொன்னாள். ஒத்திலியா மெல்லப் படித்தாள். பாதுகாப்பான இடத்தில் வேலை செய்வது தொழிலாளியின் உரிமை. ஆபத்து இருந்தால் வாய்விட்டுச் சொல்லலாம். அதற்காக யாரும் தண்டிக்க முடியாது.

"சொன்னேனே" என்றாள் நியேவெஸ்.

"ஆமா. திங்கக்கிழமை அந்தம்மா கிட்ட அதத்தான் சொல்லப்போறேன். நீ சொன்னே, எனக்குத் தெரியும்னு. கடையை மூடினாலும் மூடட்டும்."

நியேவெஸ் கட்டுப்போட்ட கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"மூடிட்டா, இந்தக் கையை வச்சுக்கிட்டு எனக்கு வேற யாரு வேலை குடுப்பாங்கக்கா?"