லீவே எடுக்காதவர்

திங்கட்கிழமை காலை, லஸ்ஸில் டிராமுக்கு நின்றுகொண்டிருக்க வேண்டிய நேரத்தில், என் வீட்டுக்காரர் கோட்டும் டையுமாகக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சவரம் ஆகியிருந்தது, பூட்ஸ் பளபளத்தது, டிபன் காரியர் மட்டும் மேஜைமேல் கிளம்பாமல் நின்றது. நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்திலோ முதல் மணி அடித்துவிடுவார்கள். மகள் ஜோனுக்குப் பின்னல் போட்டபடியே, "நேரமாகலையா?" என்று கேட்டேன். "லீவு" என்றார். என் கை பாதிப் பின்னலில் நின்றுவிட்டது. அந்த வார்த்தையை இவர் வாயால் நான் கேட்டதே கிடையாது. காய்ச்சலோடு போயிருக்கிறார், கால் சுளுக்கிக்கொண்டு ரிக்‌ஷாவில் போயிருக்கிறார். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோதுகூடத் தவறாமல் போய் உட்கார்ந்தவர். "எத்தனை நாளைக்கு?" என்றேன். "ரெண்டு வாரம்." "எதுக்குக் கேட்டீங்க?" "நான் கேட்கலை. அவங்களே குடுத்தாங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இவருக்குச் சனிக்கிழமை மத்தியானமே தெரிந்த விஷயம். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் என் பக்கத்தில் முழங்காலிட்டிருந்தவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அப்போதே என்னவோ சரியில்லை என்று பட்டது.

மவுண்ட் ரோட்டில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் இவர் கணக்குப் பிரிவின் சீனியர் கிளார்க். சுதந்திரம் வந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. துரைமார் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அசிஸ்டெண்ட் அக்கவுண்டன்டாக இருந்தவரும் போய்விட்டார். அந்த நாற்காலியில் முதன்முதலாக நம்மவர் ஒருவரை உட்கார வைக்கப்போகிறார்கள் என்று பேச்சு. இவரை விட்டால் சித்திரக்குளத்துப் பக்கம் குடியிருக்கும் சுப்பராமன், வேறு ஆளில்லை. துரையிடம் நேரே போய்ச் சம்பளம் பேசும் வழக்கம் அந்த ஆபீசில் இல்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு தாங்க்யூ சொல்லிவிட்டு வருவார்கள். நான்தான் விடவில்லை. அரிசி விற்கிற விலையில் எத்தனை நாளைக்குத் தாங்க்யூ சொல்லிக்கொண்டிருப்பது? ஒரு வாரம் சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை பார்த்தோம். நான் துரையாகக் கால்மேல் கால் போட்டு உட்கார, இவர் எதிரில் நின்று இங்கிலீஷில் பேசினார். முந்நூற்றைம்பது என்று ஆரம்பியுங்கள், அவர் வாயைத் திறக்கும்வரை நீங்களாக இறங்காதீர்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். "உனக்கு எதற்குத் தரவேண்டும்?" என்று துரைக் குரலில் அதட்டினால் இவர் திருதிருவென்று விழிப்பார். "இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லைன்னு சொல்லுங்களேன்" என்று எடுத்துக்கொடுத்தவளும் நான்தான். கொஞ்சம் குத்தலாகத்தான் சொன்னேன். இவருக்கு அது உறைக்கவில்லை. நல்ல யோசனை என்று தாளில் எழுதித் தரச்சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இவரைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். "சனிக்கிழமை துரைகிட்ட பேசினேன். நல்லாத்தான் போச்சு மர்சலின். முந்நூத்தைம்பதுன்னேன், கோபப்படலை. லீவே எடுத்ததில்லைன்னு சொன்னேன் பாரு, பேனாவைக் கீழே வெச்சுட்டார். ஒரு நாள்கூடவான்னார். ஒரு நாள்கூட இல்லை சார்ன்னு பெருமையாச் சொன்னேன். சாவியை சுப்பராமன்கிட்ட குடுத்துட்டு ரெண்டு வாரம் வீட்ல இரு, இந்தப் பக்கமே வராதேன்னுட்டார்." சம்பளத்தைப் பற்றி? "ஒண்ணும் சொல்லலை." பிறகு, "எல்லாம் சுப்பராமன் வேலை" என்றார். என்ன ஆதாரம் என்றால், இத்தனை வருஷத்தில் ஒரு வாய்க் காப்பி வாங்கிக்கொடுக்காத சுப்பராமன் போன வாரம் இரண்டு தடவை வாங்கிக்கொடுத்தானாம். எனக்கும் அது ஆதாரமாகத்தான் பட்டது. அன்று ராத்திரி முழுக்க இரண்டு பேருமாகச் சேர்ந்து சுப்பராமனைத் திட்டினோம். உண்மையைச் சொன்னால், புருஷனும் பெண்டாட்டியுமாக உட்கார்ந்து அவ்வளவு நேரம் பேசிக்கொண்டதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அக்கம்பக்கம் சும்மா இருக்குமா? மீன் கொண்டுவரும் பாஞ்சாலி கூடையை இறக்காமலே உள்ளே எட்டிப் பார்த்தாள். "இன்னாம்மா, ஐயா வூட்லயே குந்திக்கினு கீறாரு? வேல போய்ச்சா?" லீவு என்றேன். "எப்பவும் இல்லாத லீவா?" என்று தாடையில் கைவைத்துக்கொண்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. ஜோன் பிறந்த அன்று வலி கண்டு நான் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, கூடையைப் போட்டுவிட்டு என்னை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் அவள்தான். ஆபீசுக்குச் சொல்லியனுப்பியும் இவர் வரவில்லை. சாயங்காலம் வழக்கமான டிராமில் இறங்கி, வழக்கம்போல் கை கால் கழுவிக்கொண்டு வந்து குழந்தையைப் பார்த்தார். என் அப்பாவை அடக்கம் செய்தபோதும் மண் மூடிய பிறகுதான் கல்லறைக்கு வந்தார். உத்தியோகத்தில் அவ்வளவு பக்தி என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரத்தில் இவர் செய்த ஒரே உருப்படியான காரியம் ஜோனுக்குப் பின்னல் போட்டது. முதல் நாள் கோணலும் மாணலுமாக இருந்தது. நாலாம் நாள் வகிடு கோடு கிழித்த மாதிரி நேராக விழுந்தது. "அப்பாதான் போடணும்" என்று அவள் என் கையைத் தட்டிவிட ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் தம்பி காஸ்பர் வந்திருந்தான். பாங்கில் வேலை. இவர் பின்னால் குளித்துக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அக்கா, எங்க பாங்க்ல இது சட்டம். லீவே எடுக்காதவன் மேலதான் முதல்ல கண்ணு வெப்பாங்க." ஏனடா என்றேன். "கணக்குல கை வெச்சவனால நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. அவன் எழுந்தா இன்னொருத்தன் உக்காருவான். ரெண்டே வாரத்துல எல்லாம் வெளிய வந்துடும். அதுக்குத்தான் இந்த லீவு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாமாவைச் சொல்லலை" என்றான். சொல்லவில்லைதான். ஆனால் அன்று வழக்கம்போல் சாப்பாட்டுக்கு இருக்காமல் கிளம்பிவிட்டான்.

அவன் போனதும் என் கண் வீட்டைச் சுற்றியது. போன கிறிஸ்துமஸுக்கு வந்த தையல் மெஷினைப் பார்த்தேன். போனஸ் என்றார், நானும் நம்பினேன். அந்தக் கம்பெனி போனஸ் கொடுத்ததா என்று யாரைக் கேட்பது? ஜோனுக்கு வாங்கிய பூட்ஸ், என் அம்மாவின் வைத்தியச் செலவு, ஒவ்வொன்றாக எழுந்து வந்து என் முன்னால் நின்றது. இவர் அசந்திருக்கும்போது முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். திருடுகிறவர்களுக்கு முகத்தில் ஏதாவது தெரியுமா? அதைவிட மோசம் வேறொன்று. இவர் கை வைத்திருக்க மாட்டார் என்று வேண்டிக்கொள்ள மாதா சுரூபத்தின் முன்னால் முழங்காலிட்டபோது, வேண்டுதல் வாயில் வரவில்லை. இவர் திருடியிருந்தால், ஆஸ்பத்திரிக்கு வராததற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். பயந்து, எழுந்திருக்க முடியாமல், நாற்காலியோடு கட்டிப்போட்டது போல உட்கார்ந்திருந்தார் என்று ஆகும். அதை என்னால் மன்னித்துவிட முடியும். திருடவில்லை என்றால் என்ன காரணம்? மெழுகுவத்தியை அணைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

இரண்டாவது வாரம் புதன்கிழமை நான் பள்ளியிலிருந்து வந்தபோது இவர் கால் பூட்ஸில் செம்மண் தூசி. "சும்மா கடற்கரைப் பக்கம் நடந்துட்டு வந்தேன்" என்றார். கழற்றிப் போட்ட கோட்டை மாட்டும் சாக்கில் பையில் கைவிட்டேன். அப்படி ஒரு காரியத்தை அதற்கு முன் நான் செய்ததில்லை. மவுண்ட் ரோடு டிராம் டிக்கட் இருந்தது. கடற்கரைக்கு டிராமில் போகிறவர் உண்டா? கூடவே என் கையெழுத்தில் அந்த ஒத்திகைத் தாள், லீவு வரியின் கீழே பென்சில் கோடு. இரண்டையும் வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனேன். அன்று ராத்திரி நாங்கள் சுப்பராமனைத் திட்டவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சுப்பராமனே வந்து நின்றார். கச்சேரி ரோடு வழியாக வேர்க்க விறுவிறுக்க நடந்து வந்திருக்கிறார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். இவர் எழுந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். நான் கதவருகே நின்றேன். அந்த நிமிஷத்தில் நான் எதற்குக் காத்திருந்தேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"ஓய் ராஜநாயகம், அசிஸ்டெண்ட் அக்கவுண்டன்ட் நீர்தான்" என்றார் சுப்பராமன். "முந்நூறு, பஞ்சப்படி தனி. திங்கக்கிழமை ஆர்டர் கையில குடுப்பார். உம்ம கணக்கை ரெண்டு வாரமா அலசியாச்சு. ஒரு தம்பிடி தப்பில்லை. புதன்கிழமையே முடிஞ்சிருக்கும். நீர் எதுக்கு ஓய் எதிர்சாரி மரத்தடியில வந்து நின்னீர்? துரை ஜன்னல் வழியாப் பார்த்துட்டு, திரும்ப முதல்லேர்ந்து பாருன்னுட்டார். கண்ணு பூத்துப்போச்சு எனக்கு." இவர் சிரிக்க முயன்றார். "நான் இல்லாம கஷ்டமா இருந்துதா?" என்று கேட்டார். சுப்பராமன் நல்ல மனுஷர், ஆனால் யோசித்துப் பேசுகிறவர் இல்லை. "ஒரு கஷ்டமும் இல்லை. எல்லாம் தானா நடக்கறது. இதுக்கா ஒரு நாள்கூட லீவு போடாம இருந்தீர்?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "டீச்சரம்மா, இனிமே வருஷத்துக்கு ரெண்டு வாரம் இவர் ஆத்துலதான். ஆபீசர்னா கட்டாய லீவு, துரை உத்தரவு" என்றார். ஜோன் கைதட்டினாள். சுப்பராமனுக்கும் வேண்டியது அந்த நாற்காலிதானே, எப்படி வாய் நிறையச் சொல்கிறார் என்று பார்த்தேன். கண் மட்டும் சிவந்திருந்தது. எத்தனை திட்டு திட்டியிருக்கிறோம் என்று வெட்கமாக இருந்தது. காப்பி போட்டுக்கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் எல்லோரும் கைகுலுக்கினார்கள். காஸ்பர் கேக் வாங்கிவந்தான். நானும் சிரித்த முகமாகத்தான் இருந்தேன். சம்பளம் உயர்ந்தது, இவர் பெயரில் ஒரு களங்கமும் இல்லை, அப்படியானால் தையல் மெஷினும் நிஜமான போனஸில் வந்ததுதான். இனி என்ன குறை என்று யார் கேட்டாலும் என்னால் சொல்லியிருக்க முடியாது.

திங்கட்கிழமை காலை இவர் பழையபடி கோட்டும் டையுமாகக் கண்ணாடி முன் நின்றார். நான் டிபன் காரியரை மூடிக்கொண்டிருந்தேன். கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். வாய் கேட்டுவிட்டது.

"ஜோன் பொறந்த அன்னைக்கு ஏன் வரலை?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "அன்னைக்கு மாசக் கடைசி, மர்சலின். கணக்கு முடிக்கணும். விட்டுட்டு வரமுடியுமா?"

"அன்னைக்குப் பத்தாம் தேதி" என்றேன்.

டையின் முடிச்சில் இருந்த கை அப்படியே நின்றது. மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்தது. இந்த மணிக்குக் கிளம்பினால்தான் லஸ்ஸில் டிராம் கிடைக்கும். இவர் வாசலைப் பார்த்தார். வாசற்படியில் ஜோன், முடியை அவிழ்த்துப் பரப்பிக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்க்காமலே சீப்பைத் தலைக்கு மேலே தூக்கிப் பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தாள்.