இருபத்திரண்டு மார்க் வாங்கிய ஏழாம் நம்பர்

மகள் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கேம் கன்சோலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கூடவே ஒரு கூடைப்பந்து டிஸ்க். பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய லீக் அணிகள் அத்தனையும் அதில் இருந்தன.

"அப்பா, இதுல நீங்களும் இருக்கீங்க," என்றாள்.

ஒரு காலத்தில் அந்த லீக்கில் ஆடிய லிஃப்ட் மெக்கானிக் நெட்டையனுக்குத் தலைகால் புரியவில்லை. தலை துவட்டின துண்டோடு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தான். திரையில் ஏழாம் நம்பர் பனியனில் அவனே நின்றான். மூக்கு மட்டும் வேறு யாருடையதோ, போனால் போகிறது.

முதல் பந்து கூடையில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. பத்தாவது நிமிஷத்தில் திரையிலிருந்தவன் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினான். இடது காலை இழுத்து இழுத்து நடந்தான். கேமே அவனை வெளியே கூப்பிட்டு பெஞ்சில் உட்காரவைத்துவிட்டது.

"எனக்கு எந்தக் காலத்துல கால் நொண்டுச்சு?"

மகள் வீரர் விவரத்தைத் திறந்து வாசித்தாள். "இடது முழங்கால் பலவீனம். தாக்குப்பிடிக்கிற சக்தி நூத்துக்கு இருபத்திரண்டு. லீக் ஆபீஸ் ஃபைல்ல இருந்து எடுத்ததுன்னு போட்டிருக்குப்பா."

நெட்டையனுக்கு ரத்தம் கொதித்தது. அந்த வருஷம் அவனைச் சேர்த்துக்கொள்வதாக இருந்த பெரிய அணி இதே காரணத்தைச் சொல்லித்தான் வேண்டாம் என்றது. ஃபைலை அனுப்பியவர் அவனுடைய கோச். கோச் வேறு யாருமில்லை, மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். இனி என் வாசப்படி மிதிக்காதே என்று அன்றைக்கு அவரை விரட்டியதுதான். அதற்குப் பிறகு மச்சான் முகத்தில் அவன் விழித்ததே இல்லை.

"உங்கண்ணன் என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டது கேம் வரைக்கும் வந்திருக்கு பாரு."

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "அண்ணன் எழுதல. நான்தான் எழுதினேன்."

அந்த வீட்டில் எந்த ஃபாரமானாலும் அவள்தான் நிரப்புவாள். அவன் எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டால் அவன் வேலை முடிந்தது, படித்துப் பார்க்கிற வழக்கமெல்லாம் கிடையாது.

"அங்க சேர்ந்தா வருஷத்துல ஒம்பது மாசம் ஊர் ஊராப் போயிருவீங்க. இவ பொறந்து இருபது நாள்தான் ஆயிருந்துச்சு. பயமா இருந்துச்சு. சொன்னா நீங்க கேட்டிருக்க மாட்டீங்க."

  நெட்டையனுக்கு வாய்ப்புப் போனது கூட இரண்டாம்பட்சம். பதினெட்டு வருஷமாக ஒரு மனுஷனைச் சாப்பாட்டு வேளைதோறும் கரித்துக் கொட்டியிருக்கிறான். இவள் பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"ஃபாரத்தை வாங்கினப்பவே படிச்சுட்டாரு. உங்களுக்குத் தெரிஞ்சா என் குடும்பம் உடைஞ்சிரும்னு அவரே பழிய ஏத்துக்கிட்டாரு."

மகள் கண்ட்ரோலரைக் கீழே வைத்தாள். நெட்டையன் மனைவியின் போனை எடுத்தான்.  மன்னிப்புக் கேட்பதா, கத்துவதா என்று தெரியாமலேயே 'அண்ணன்' என்றிருந்த இடத்தை அழுத்தினான். முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்.

"சொல்லும்மா. அவரு வெளிய போயிட்டாரா?"



"இல்ல மச்சான்," என்றான். "வீட்லதான் இருக்கேன்."